கண்டக்டர் வீட்டுத் தமிழ்

நான் திருச்சிக்கு வந்து இறங்கியது ஒரு மே மாதத்தில். தான்சானியாவின் தெற்கு மலைப்பகுதியில், ஜூன் மாதம் வந்தால் புல்லின் மேல் பனி வெள்ளையாக உறைந்து கிடக்கும் ஊரில் பிறந்தவள் நான். விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்ததும் முகத்தில் அடித்த காற்றை, பக்கத்தில் ஏதோ இயந்திரம் ஓடுகிறது, அதன் சூடு என்றுதான் நினைத்தேன். அழைத்துப் போக வந்திருந்த சிஸ்டரிடம் ஆங்கிலத்தில் அதைக் கேட்டேன். இது வெறும் காற்றுதான், இன்னும் இரண்டு மாதம் இப்படித்தான் இருக்கும் என்றார். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது.

எங்கள் சபையைத் தொடங்கியவர்கள் தமிழ்ப் பெண்கள். அவர்களில் நாலு பேர் எங்கள் ஊருக்கு வந்து ஒரு மருந்தகமும் தையல் பள்ளியும் நடத்தினார்கள். தையல் கற்றுக்கொள்ளப் போனவள் அவர்களோடேயே சேர்ந்துவிட்டேன். சேர்ந்தவர்கள் சில வருடங்கள் வேறு நாட்டில் ஊழியம் செய்ய வேண்டும் என்பது வழக்கம். எனக்குத் திருச்சி என்று முடிவானதும் என் அப்பா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் சந்தைக்குப் போய் ஒரு கம்பளி வாங்கி வந்தார். போகிற இடத்தில் குளிருமோ என்னவோ என்று அவருக்குக் கவலை. திருச்சி புத்தூரில் இருந்த எங்கள் மடத்தில் என் பெட்டியைத் திறந்து அதை வெளியே எடுத்ததும் சிஸ்டர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு எதுவும் கஷ்டமாகத் தெரியவில்லை.

கஷ்டம் மெதுவாகத்தான் வந்தது. மடத்தில் மாலை ஜெபம் முடிந்து சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்கள். பதினோரு பேர். ஒருவர் ஏதாவது சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, நான் ஒரு நொடி பிந்திச் சிரிப்பேன். முதல் வாரங்களில் பக்கத்தில் இருப்பவர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். அவரும் அந்தச் சிரிப்பைத் தவறவிட்டிருப்பார். பிறகு நான் என்ன என்று கேட்டால், “ஒண்ணுமில்ல, சும்மாதான்” என்பார்கள். அவர்கள் மேல் குறையில்லை. ஒரு நகைச்சுவையை எத்தனை முறைதான் இரண்டாவது தடவை சொல்வது? நான் முழுதாகக் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் அந்த ஒண்ணுமில்லதான்.

மடத்துத் தலைவி மணப்பாறைப் பக்கத்துக்காரர். அளந்து பேசுவார். வந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, இரண்டு வருடத்துக்கு நீ யாரிடமும் கடவுளைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பார். முதலில் தனியாக பஸ் ஏறக் கற்றுக்கொள், மற்றதெல்லாம் அப்புறம் என்றார்.

எழுத்துப் படிக்க, மடத்தை ஒட்டிய பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் தினமும் ஒரு மணி நேரம் போய் உட்கார்ந்தேன். முழங்கால் மேசையில் இடிக்கும். என்னைச் சுற்றி ஐந்து வயதுப் பிள்ளைகள். நான் பலகையில் எழுதினால் குறில் எது நெடில் எது என்று எல்லாரும் ஒரே குரலில் திருத்துவார்கள். மூன்று மாதத்தில் கடைப் பலகைகளைச் சத்தமாக வாசிக்க வந்துவிட்டது, அர்த்தம் தெரியாமலேயே. படித்ததைக் கொண்டுபோய்க் காய்கறிக் கடையில் நின்று, எனக்குக் கத்தரிக்காய் வேண்டும், விலை என்னவென்று கூற இயலுமா என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவைப் பார்த்து அவரிடம் விலையைச் சொன்னார்.

அதுதான் அப்போது எங்கும் நடந்தது. நான் கேட்பேன், பதில் என் பக்கத்தில் இருப்பவருக்குப் போகும். யாரும் என்னிடம் கடுமையாக நடந்துகொண்டதில்லை. பார்ப்பார்கள், நிறையப் பார்ப்பார்கள். என் நிறத்தையும் முக்காட்டுக்கு வெளியே தெரியும் முடியையும் பார்ப்பார்கள். கல்லூரிப் பெண்கள் போனில் என்னோடு படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்கள் உட்கார்ந்திருப்பவர்களிடம் பையைக் கொடுத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வது இங்கே வழக்கம். கேட்கக்கூட மாட்டார்கள், அப்படியே வைப்பார்கள். சாப்பாட்டுக் கூடை, ஸ்கூல் பை, சில சமயம் குழந்தை. ஏழு மாதம் பஸ்ஸில் போனேன். என் மடி காலியாகவே இருந்தது.

எட்டாவது மாதத்தில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். எங்கள் மடத்தில் நர்ஸ் படிப்பு படித்த சிஸ்டர் ஒருவர், படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, உடம்பு துடைத்துவிடுவது, கை கால் அசைத்துவிடுவது. எந்த வீட்டிலும் ஜெபமோ மதமோ பேசக்கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். செவ்வாயும் வெள்ளியும் ஸ்ரீரங்கம். என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். பேச வேண்டிய தேவை இல்லாத வேலை என்பதால்தான் என்னை அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்படித்தான் அம்மா மண்டபம் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அந்தக் கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும் அவருக்கு. இருபத்தைந்து வருடமாகத் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு காலை டிரிப்பில் பஸ்ஸுக்குள்ளேயே விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சும் போயிற்று. அவர் மனைவி முன் அறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். முதல் நாளே எங்களிடம் சொன்னார்.

“நாம பேசறதெல்லாம் அவருக்குப் புரியுது சிஸ்டர். மனசுல எல்லாம் இருக்கு. வாய்லதான் வரமாட்டேங்குது.”

சிஸ்டர் இதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னபோது நான் கட்டிலில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். எட்டு மாதமாக என் நிலையும் அதுதான் என்று அவரிடம் சொல்ல என்னிடமும் வார்த்தை இல்லை.

அன்று சிஸ்டர் தோளை அசைத்துவிடும்போது கண்டக்டர் வலியில் முகத்தைச் சுளித்தார். கையைப் பிடித்துக்கொண்டிருந்த நான் என்னை அறியாமல், “போலே” என்று சொல்லிவிட்டேன். அது எங்கள் சுவாஹிலிச் சொல். அவர் திரும்பிப் பார்த்தார். வாசற்படியில் நின்ற மனைவி, “எது போல சிஸ்டர்?” என்று கேட்டார். எனக்குக் கேள்வி புரியவில்லை. மறுபடியும் “போலே” என்றேன். எதையோ போல என்று நான் தமிழில் சொல்வதாக நினைத்து அவர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் என்னைக் கேட்டார்.

விளக்குவது சுலபமாக இல்லை. எங்கள் ஊரில் ஒருவர் தடுக்கி விழுந்தால் அதைச் சொல்வோம். வேலையிலிருந்து களைத்து வருகிறவரிடம் சொல்வோம். பரீட்சையில் தோற்றவரிடம், பல்வலிக்காரரிடம், துக்க வீட்டில், எல்லா இடத்திலும் அந்த ஒரு சொல்தான். மன்னிப்பும் இல்லை, பரிதாபமும் இல்லை. சிஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவங்க ஊர்ல வலிக்கறவங்களப் பாத்தா சொல்ற வார்த்தையாம். தமிழ்ல அதுக்கு நேரா என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல” என்றார். கண்டக்டர் ஒரு பக்க வாயால் சிரித்தார். சத்தம் வராத, கோணலான சிரிப்பு. அவர் மனைவி சட்டென்று உள்ளே போய்விட்டார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தாராம். அதைப் பின்னால் ஒருநாள் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது. சிஸ்டர் கட்டுத்துணியை மடித்தபடியே பேச்சுவாக்கில், காவிரிப் பாலத்தில் ஒரே நெரிசல், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி வர நேரமாகிவிட்டது என்று சொன்னார். கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. “சத்திரம்.” நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம். அவர் வாய் தானாக ஓடிக்கொண்டிருந்தது. “மாம்பழச்சாலை. திருவானைக்கோவில். ஸ்ரீரங்கம். ஸ்ரீரங்கம்லாம் எறங்கு.” தெளிவாக, உரக்க, ஓடும் பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி கத்திப் பழகிய குரலில் வந்தது. அவர் மனைவி தையலை விட்டு எழுந்து வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டருக்கே நம்ப முடியவில்லை. உடனே மனைவியைப் பார்த்து அவர் பெயரைச் சொல்ல முயன்றார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். வரவில்லை. அப்படியே கண்ணில் நீர் வழிந்தது.

புத்தூரில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் சிஸ்டர் இதைச் சொல்லிக் கேட்டார். ஆயிரம் ஆயிரம் தடவை வரிசையாகச் சொன்னது மூளையில் வேறொரு இடத்தில் தங்கிவிடும்; எண்கள், கிழமைகள், பாட்டு, இப்படி. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஒவ்வொரு சொல்லாக வெளியே எடுக்கப் பார்க்கலாம், பொறுமையாக ஒருவர் கூட உட்கார வேண்டும் என்றாராம். சிஸ்டருக்கு அன்றாடம் போக வேண்டிய வீடுகள் இருந்தன. என்னிடம் நேரம்தான் இருந்தது.

ஆக, வாரம் இரண்டு நாள், காலை பத்து மணிக்கு, நான் தனியாகவே பஸ் ஏறி அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். நான் “பாலக்கரை” என்று தொடங்குவேன். அவர் “மரக்கடை” என்பார். அப்புறம் மார்க்கெட், மெயின்கார்டுகேட், சத்திரம். ஸ்ரீரங்கம் வரைக்கும் போய்த் திரும்பி வருவோம். பிறகு நிறுத்தங்களைப் பாதியில் வெட்டினோம். இது அவர் மனைவியின் யோசனை. பாலக்கரையைப் பாலோடு நிறுத்தினால் பால். மரக்கடையை உடைத்தால் மரம் ஒன்று, கடை ஒன்று. மாம்பழச்சாலையில் மாம்பழம், திருவானைக்கோவிலில் ஆனையும் கோவிலும். மாதக்கணக்காக அந்தப் பலகைகளை வாசித்துக்கொண்டு போகிறேன். அதற்குள்ளே இத்தனை சொற்கள் இருப்பது எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

அவருக்கு நிறுத்துவதுதான் கஷ்டம். பால் என்று தொடங்கினால் க்கரை தானாக வந்துவிடும். எனக்கு ழகரம் கஷ்டம். மாம்பலச்சாலை என்பேன். அவர் கண்ணை மூடித் தலையை ஆட்டுவார். மறுபடி சொல்வேன். மறுபடி தலையாட்டுவார். சொல்ல முடியாத மனிதருக்குக் காது மட்டும் அவ்வளவு கறாராக இருந்தது. ஒருநாள் நான் பத்தாவது தடவை தப்பாகச் சொன்னபோது, அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை மிகச் சுத்தமாக வந்தது. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அர்த்தம் தெரியாததால் அதையும் பயிற்சி என்று நினைத்துத் திருப்பிச் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தோம். திருச்சிக்கு வந்து பிந்தாமல் நான் சிரித்த முதல் சிரிப்பு அது. அர்த்தத்தை மடத்தில் போய்க் கேட்டபிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, நான் இல்லாத ஒரு காலையில், அவர் சமையலறைப் பக்கம் பார்த்து “பால்” என்று மட்டும் சொல்லி நிறுத்தினாராம். அவர் மனைவி அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

அது நடந்து சில நாளில் கண்டக்டரின் அண்ணன் வந்தார். ஜீயபுரம் பக்கம் வாழை போடுகிறவர். நான் உள்ளே நுழையும்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கண்டக்டரின் மனைவியிடம்தான் பேசினார், பேச்சு வேகமாகப் போனதால் எனக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. ஆனால் நடுவில் வந்த மதம் என்ற சொல்லும் மாத்திடுவாங்க என்ற சொல்லும் புரிந்தன. அந்த அம்மா ஏதோ பதில் சொன்னார். அண்ணன் குரலை உயர்த்தவில்லை, ஆனால் விடவும் இல்லை. கடைசியில் அந்த அம்மா என்னை வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்தார்.

“கொஞ்ச நாளைக்கு வராதீங்க சிஸ்டர். தப்பா எடுத்துக்காதீங்க. அவரு பெரியவரு, அவரு சொன்னா நான் மீற முடியாது.”

மெதுவாகச் சொன்னதால் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

மடத்தில் சொன்னேன். நர்ஸ் சிஸ்டர் போன் செய்து பார்த்தார். வேண்டாம் என்றுதான் பதில் வந்தது. தலைவி, அந்த அண்ணன் மேல் கோபப்படாதே, அவர் வீட்டை அவர் காக்கிறார் என்றார். நான் யார் மேலும் கோபப்படவில்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. பீடத் துணிகளைத் தைத்தேன். தோட்டத்தில் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றினேன். பாலக்கரை, மரக்கடை என்று வாய் மட்டும் முணுமுணுக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்குப் பேசும்போது, அங்கே எல்லாம் எப்படி என்று அப்பா கேட்பார். எல்லாம் நன்றாக இருக்கிறது, எல்லாரும் அன்பானவர்கள் என்பேன். அது பொய்யும் இல்லை. அவர்கள் அன்பு என்னைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தது, அறைக்குள் காற்றாடி ஓடுவது போல.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு புதன்கிழமை மத்தியானம் என் தம்பி போன் செய்தான். அவன் என்றைக்கும் புதன்கிழமை பேசுகிறவன் அல்ல. அப்பா காலையில் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றான். மறுநாள் காலை அடக்கம். நான் எந்த விமானம் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது. என் தங்கும் அனுமதி வேறு புதுப்பித்தலில் இருந்தது. வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. தலைவி எனக்காக இரண்டு மணி நேரம் போனில் எங்கெங்கோ பேசிப் பார்த்தார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். முடியாது என்று அவர் சொல்லத் தேவைப்படவில்லை.

அன்று மாலையும் மறுநாள் காலையும் மடத்தில் அப்பாவுக்காக ஜெபம் நடந்தது. எல்லாரும் வந்து என் கையைப் பிடித்தார்கள். ஆண்டவரில் துயில், நித்திய இளைப்பாற்றி என்று அவர்கள் சொன்ன சொற்கள் எனக்குப் புத்தகத்தில் பழக்கமானவைதான். ஆனால் அவை என் மேல் ஒட்டவில்லை. என் மொழியில் நான் அழுதால் அது அங்கே யாருக்கும் தெரியாது. அவர்கள் மொழியில் எனக்கு அழ வராது. ஆகவே அழவில்லை. தைரியமான பெண் என்று ஒரு வயதான சிஸ்டர் என் தலையைத் தடவினார்.

வியாழன் மதியம், ஊரில் அப்பாவைப் புதைத்து முடித்திருப்பார்கள் என்று கணக்குப் போட்ட நேரத்தில், வாசலில் இருந்த சிஸ்டரிடம் நூல் வாங்கி வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் புத்தூர் நால்ரோட்டில் பஸ் ஏறினேன். எங்கே போகிறேன் என்று முடிவு செய்திருந்ததாக நினைவில்லை. சத்திரத்தில் மாறினேன். பாலத்துக்கு முன்னால் பஸ் நிரம்பிவிட்டது. நின்றுகொண்டு வந்த ஒரு பெண், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஒரு துணிக்கடைப் பையை என் மடியில் வைத்தார். மேலே இன்னொரு சாப்பாட்டுத் தூக்கு. காவிரி முழுதும் கடந்து முடியும்வரை இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திருவானைக்கோவிலில் அவர் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஏன் இன்றைக்கு, என்று மட்டும் தோன்றியது.

கண்டக்டர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அந்த அம்மா மெஷினில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். என்ன சிஸ்டர், தனியா வந்திருக்கீங்க என்று தொடங்கினார்.

“எங்க அப்பா செத்துட்டார்” என்றேன்.

சொந்த அப்பாவைத் தமிழில் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தவறிட்டார், காலமாயிட்டார் என்றெல்லாம் இருப்பது பிறகு தெரிந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பூனையைப் பற்றியும் காக்கையைப் பற்றியும் சொல்லக் கேட்ட சொல்தான் என்னிடம் இருந்தது. அவர் திருத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“எப்போ?”

“நேத்து.”

“தலைக்குத் தண்ணி ஊத்தினியா?”

எனக்குப் புரியவில்லை. அதுவரை மடத்துக்கு வெளியே எல்லாருக்கும் நான் ‘நீங்க’தான். அவரும் அப்படித்தான் பேசியிருந்தார். அந்தக் கேள்வியில்தான் மாறியது. அவரே என்னைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீரைச் சூடு பண்ணிப் பிளாஸ்டிக் வாளியில் விளாவினார். தன் பழைய நூல் புடவை ஒன்றைக் கொண்டுவந்து கட்டிக்கொள்ளச் சொன்னார். முக்காட்டை எடுத்து மடித்துக் கொடியில் போட்டார். குளியலறைக் கல்லில் என்னை உட்கார வைத்துச் செம்பு செம்பாகத் தலையில் ஊற்றினார். என் முடியை எத்தனையோ பேர் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. தண்ணீர் உள்ளே இறங்க வேண்டுமே என்று விரலால் பிரித்துவிட்டார், அவ்வளவுதான்.

“அழுதுடு. வச்சுக்காத.”

அழுதேன். என் ஊர் மொழியில், அப்பாவை என்னவெல்லாம் கூப்பிடுவேனோ அதையெல்லாம் சொல்லி அழுதேன். அவர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

துக்கம் கேட்டால் தலை முழுகுவது அவர்கள் வழக்கம். எங்கள் ஊரில் அப்படி ஒன்று கிடையாது. நான் படித்த ஜெபப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் முழு உடம்பும் நனைந்து எழுந்தபோதுதான் அப்பா இறந்தது எனக்கு நடந்த ஒன்றாக ஆனது. ஒரு நாள் முழுக்க அது வேறு யாருக்கோ நடந்ததாகவே இருந்தது.

ரசம் சாதம் பிசைந்து தட்டில் போட்டுக் கொடுத்தார். கண்டக்டரின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மனைவி சொல்லி அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. இடது கையை நீட்டி என் தோளில் வைத்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். “போ” என்றார். நிறுத்தினார். மறுபடி முயன்றார். “போலாம்” என்று வந்தது. பஸ்ஸுக்கு விசிலடித்துவிட்டுச் சொல்கிற அதே போலாம். இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு, தொடையில் கையால் அடித்துக்கொண்டார். அவர் எங்கள் ஊர்ச் சொல்லைச் சொல்லத்தான் முயன்றார் என்று அவர் மனைவி சொன்னார். இருக்கலாம். வேறெதையும் சொல்ல வந்திருக்கலாம். அதை நான் உறுதியாகத் தெரிந்துகொள்ளவே இல்லை.

நான் கை கழுவும்போது அண்ணன் வாழைத்தாரோடு வந்தார். ஈரத் தலையும் அந்தப் பழைய புடவையுமாக நான் நிற்பதைப் பார்த்தார். அந்த அம்மா இரண்டு வார்த்தையில் சொன்னார். அவர் தாரைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாவுக்கு என்ன வயது என்று கேட்டார். என்ன வேலை என்று கேட்டார். விவசாயம் என்றேன். என்ன பயிர் என்றார். உருளைக்கிழங்கு, சோளம், கொஞ்சம் தேயிலை என்றேன். தண்ணீர் எங்கிருந்து வரும் என்றார். மழைதான் என்றேன். இதையெல்லாம் அவர் என்னைப் பார்த்தே கேட்டார். நானே பதில் சொன்னேன். சற்று நேரம் கழித்து, “வர்றதுன்னா வாங்க. ஆனா இந்த வீட்ல சாமி பேச்சு வேண்டாம்” என்றார்.

“சாமியப் பத்திப் பேசற அளவுக்கு எனக்குத் தமிழ் வராதுங்க” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

மடத்துக்குத் திரும்பி, பொய் சொன்னதைத் தலைவியிடம் நானே சொன்னேன். ஒரு மாதம் தனியாக வெளியே போகக்கூடாது என்றார். பிறகு என் தலையைப் பார்த்து, யார் ஊற்றினார்கள் என்று கேட்டார். சொன்னேன். அந்த வீட்டுக்கு மட்டும் நர்ஸ் சிஸ்டரோடு போய் வா என்றார்.

இன்னும் ஒன்பது மாதம் போனேன். கண்டக்டருக்கு நாற்பது சொல் வரை வந்தது. மனைவியின் பெயர் அதில் இருந்தது. கடைசியாக வந்தவற்றில் ஒன்று அது. என் தமிழ் அவரைத் தாண்டி ஓடியது. அது எனக்குச் சங்கடமாக இருந்தது. நான் தடுமாறாமல் ஒரு வாக்கியம் சொன்னால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் முன்னால் வேண்டுமென்றே மெதுவாகப் பேச ஆரம்பித்தேன். அது அவருக்குத் தெரிந்து, அதற்கும் கோபப்பட்டார். பிறகு கே.கே. நகரில் இருந்த எங்கள் இன்னொரு இல்லத்துக்கு என்னை மாற்றினார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தபோது வீடு பூட்டியிருந்தது. கரூரில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். என்னைத் தேடி மடத்துக்கு ஒருமுறை வந்ததாகவும், நான் அங்கே இல்லை என்று போய்விட்டதாகவும் பின்னால் கேள்விப்பட்டேன்.

இதெல்லாம் நடந்து பதினோரு வருடம் ஆகிறது. இந்த வருடம் முதல் நான் ஜீயபுரத்தில் எங்கள் சிறிய மருந்தகத்தில் இருக்கிறேன். நர்ஸ் படிப்பும் திருச்சியிலேயே முடித்தேன். கடைக்காரர்கள் என்னிடமே விலை சொல்கிறார்கள், என்னிடமே பேரமும் பேசுகிறார்கள். கடவுளைப் பற்றித் தமிழில் பேச இப்போது எனக்கு வரும். பேசச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கட்டுப் பிரிக்கும்போது மருமகளைப் பற்றிச் சொல்கிறார்கள், தண்ணீர் திறந்துவிடாததைச் சொல்கிறார்கள். நான் கேட்டுக்கொள்கிறேன். தனிமை போய்விட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. அம்மாவோடு பேசும்போது இப்போதெல்லாம் எனக்கு எங்கள் சொற்கள் உடனே வருவதில்லை. நடுவில் ஆமாம்மா என்று சொல்லிவிடுகிறேன். என்ன சொன்னாய் என்று அம்மா கேட்கிறாள்.

போன மாதம் கண்டக்டரின் அண்ணன் மருந்தகத்துக்கு வந்தார். சர்க்கரை, காலில் புண். என்னை அடையாளம் தெரிந்ததா என்று முதலில் புரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டினார். புண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான், “தம்பி தவறிட்டாம்மா. ஐப்பசியில” என்றார். சொல்லி அனுப்பலாம் என்று தம்பி மனைவி எத்தனையோ முறை சொன்னாராம், எந்த ஊரில் இருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியவில்லையாம். எப்படி ஆச்சு என்று கேட்டேன். இன்னொரு தடவை வாதம் வந்ததாம், கஷ்டப்படவில்லையாம். அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். மெஷினைக் கரூருக்கே கொண்டுபோய்விட்டார், தைத்துக்கொண்டிருக்கிறார் என்றார்.

கட்டுப் போட்டு முடித்தேன். வியாழக்கிழமை வர வேண்டும், அதுவரை காலில் தண்ணீர் படக்கூடாது, வயலில் இறங்கக்கூடாது என்றேன். வாழைக்குத் தண்ணீர் விடுகிற நேரம், இறங்காமல் எப்படி என்றார். வேறு யாரையாவது விடச் சொல்லுங்கள் என்று கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நொண்டியபடி வாசலுக்குப் போனார். அங்கிருந்து திரும்பி, தம்பி மனைவியின் நம்பர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றேன். அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்.

இன்னும் கூப்பிடவில்லை. என்ன சொல்லித் தொடங்குவது என்று ஒவ்வொரு நாளும் யோசிக்கிறேன். இத்தனை தமிழ் வந்த பிறகும், அந்த முதல் வாக்கியம் மட்டும் வரமாட்டேன் என்கிறது.